கணப்பின் முதுகுப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு கணப்பிலிருந்து வந்தது. ஆளுயரப் பச்சை டைல்ஸ் பதித்த, அறை குளிராமலிருக்க விறகு போட்டு மூட்டுகிற பழைய கணப்பு. வீட்டுக்காரர் ஒரு பெரிய அறையை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு வாடகை வீடாக்கியபோது, அறைக்கு நடுவில் நின்ற இதை இடிக்க அவருக்கு மனம் வரவில்லை. சுவர் இரண்டு பக்கமும் வந்து கணப்பின் தோளில் முட்டி நின்றுவிட்டது. வாய் ஒரு வீட்டில், முதுகு இன்னொரு வீட்டில். எங்கள் ஊரில் இப்படி நிறைய வீடுகள் உண்டு, யாரும் இதை அதிசயமாகப் பார்ப்பதில்லை.

கணப்பு காய்ந்தால் கொஞ்சம் விரியும். அதனால் கொத்தனார் சுவருக்கும் டைல்ஸுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அதில் பழந்துணியைத் திணித்துவிட்டுப் போனார். துணி சூட்டை அடைக்கும், பேச்சை அடைக்காது. எனக்குக் கதை வந்த வழி அதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலையிலிருந்து பனிக்காற்று இறங்கி வந்து, சிறிய திரான்சில்வேனிய நகரத்தின் கூரைகளை—"

வேண்டாம். காற்று எங்கிருந்து இறங்கினால் யாருக்கு என்ன? இரண்டாவது தொடக்கம்:

"சவேதாவுக்கு வயிறு எரிந்தது."

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

சவேதாவுக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் பகலெல்லாம் அண்டாவோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறாள். வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டி, முழங்காலை மடக்கி, கணப்பின் வாய்க்கு முன்னால் உட்கார்ந்து, நேற்றைய சாம்பலை அள்ளி வெளியே கொட்டி, விறகு அடுக்கி, ஊதி, இருமி, கண்ணெல்லாம் சிவந்து மூட்டுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி விறகில் பாதியை வாங்கிப் போடுவாள். அவ்வளவுதான் அவள் பங்கு. அவளுக்குக் கரி கிடையாது, சாம்பல் கிடையாது, இருமல் கிடையாது.

சூட்டிலாவது நியாயம் இருந்ததா? வாய் இருக்கும் பக்கத்தில் பாதி இரும்புக் கதவு. சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும். தொட்டால் கை பொத்துப்போகும். முதுகுப் பக்கம் முழுக்க டைல்ஸ், கீழே அதே டைல்ஸில் கட்டிய ஒரு பெஞ்சு வேறு. விடியும்வரை வெதுவெதுவென்று இருக்கும்.

(கணப்பைக் கட்டியவர் யாரையும் வஞ்சிக்க நினைத்திருக்க மாட்டார். அவர் காலத்தில் அது ஒரே குடும்பம்.)

இதுவரைக்கும் எந்த வாடகை வீட்டிலும் நடக்கிற வயிற்றெரிச்சல்தான். சண்டை போட்டு, வீட்டுக்காரரிடம் முறையிட்டு, வசந்தம் வந்ததும் மறந்துபோகிற விஷயம். ஆனால் சவேதாவின் கணவன் சாபின் டவுன் பஸ் ஓட்டுகிறவன். ஓட்டுகிறவனுக்கு இடுப்பு வலி. பூசாத தைலமில்லை.

ஒருநாள் மாலை, டைல்ஸில் விரிசல் இருக்கிறது, புகை கசிகிறதோ என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து கேட்டாள். பார்த்துவிட்டு வரச் சொல்லி சாபினை அனுப்பியதே சவேதாதான். போனவன் விரிசலைத் தடவினான். புகையில்லை. முதுகைச் சாய்த்தான்.

"ஆ…" என்றான்.

அந்த 'ஆ' துணி வழியாக வந்தபோது சவேதா இந்தப் பக்கம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில், அவள் சமையலுக்கும் சரி, வேறு எதற்கும் சரி, அவன் அப்படி ஒரு 'ஆ' சொன்னதில்லை.

"ஏய்யா, புகை வருதான்னு பாக்கப் போன ஆளுக்கு இம்புட்டு நேரமா?"

"புகையெல்லாம் இல்ல சவேதா. அந்தப் பக்கம் பெஞ்சு இருக்கு பாரு, அதுல உக்காந்து முதுகை டைல்ஸ்ல வச்சா அப்படியே…"

"அப்படியே?"

"வலி கழண்டு விழுந்த மாதிரி இருக்கு."

"விழுந்ததை அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா, இல்ல எடுக்க நாளைக்கும் போவியா?"

நாளைக்கும் போனான். அதற்கு மறுநாளும். போகப் போக, வேலை முடிந்து வந்து பூட்ஸைத் துடைத்து, சூப் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போவது வழக்கமாகிவிட்டது.

3

பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதுவதில்தான் எனக்குத் தகராறு. பெயர் இல்டிகோ என்று வைத்திருக்கிறேன். முதல் பிரதியில் அவளுக்குக் கழுத்து நீண்டுவிட்டது. இரண்டாவதில் முகவாயில் ஒரு மரு வைத்தேன். மனசு கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். மூன்றாவதில் வயதும் எடையும் தாமாகவே குறைந்திருந்தன. படித்துப் பார்த்த தோழி, "யாருடி இந்த சினிமாக்காரி, நம்ம ஊர்ல இப்படி யாரு இருக்கா?" என்று கேட்டாள். பேச்சை மாற்றினேன்.

நிஜத்தில் சுமாரான முகம். கணவன் வேலைக்கு ஜெர்மனி போனான். கொஞ்ச நாள் பணம் அனுப்பினான், பிறகு வாழ்த்து அனுப்பினான், பிறகு அதுவும் இல்லை. அவளைக் கண்ணாடிக் கடையில் வேலைக்கு வைத்திருக்கிறேன்.*

* உண்மையில் அவள் எங்கும் போவதில்லை, வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு கதையை நகர்த்துவது கஷ்டம்.

சவேதா ஒருநாள் பொறுக்க மாட்டாமல், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்து வேகவைத்த ஒரு தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். தட்டு ஒரு சாக்கு என்பது மூன்று பேருக்குமே தெரியும். உள்ளே சாபின் பெஞ்சில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இல்டிகோ மேசையில் தேநீரோடு இருந்தாள். கணப்பு விளிம்பில் ஆரஞ்சுத் தோல் காய்ந்துகொண்டிருந்தது. சவேதா இதெல்லாம் பார்க்கவில்லை. சாபினின் இடுப்புக்குக் கீழே இருந்த நீலத் திண்டைத்தான் பார்த்தாள்.

"வாங்க சவேதாக்கா, உக்காருங்க. இங்க நல்லா சூடா இருக்கு."

"தெரியுமே. மூட்டுறவளுக்குத் தெரியாதா?"

"அய்யோ, கையெல்லாம் கரியா இருக்கே. தண்ணி ஊத்தட்டுமா?"

"இருக்கட்டும். என் கை கரியானாத்தானே இங்க கணப்பு காயும். திண்டு புதுசா?"

"பழைய கோட்டைக் கிழிச்சுத் தெச்சேன்கா. டைல்ஸ் குத்துதுன்னார்."

"ஓ. குத்துதுன்னாரா?"

சாபின் கண்ணைத் திறக்காமலேயே, "முட்டைக்கோஸ் மணக்குதே" என்றான். அந்தத் தட்டை அவன் தலையில் கவிழ்க்காமல் மேசையில் வைத்ததற்கு சவேதாவுக்கு ஏதாவது பதக்கம் கொடுக்க வேண்டும்.

[இங்கே சவேதா அழுதுகொண்டே நடையில் ஓடியதாக எழுதியிருந்தேன். அவள் அழுகிறவள் இல்லை. வீட்டுக்குப் போய் வாணலியைத் தேய்த்தாள். அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது.]

4

அடித்துவிட்ட பகுதி:

"கங்கு இன்னும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. சவேதா புகைபோக்கி மூடியின் கைப்பிடியைப் பிடித்து, அழுத்தி—"

கங்கு அணையும் முன் மூடியை அடைத்தால் விஷப்புகை அறைக்குள் திரும்பும். தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். கணப்போடு வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கொலையில் கதை சூடு பிடிக்கும் என்று நினைத்தேன். அரைப் பக்கம் எழுதிய பிறகுதான் உறைத்தது: புகை வாய் வழியாகத்தான் திரும்பும். வாய் இருப்பது சவேதாவின் வீட்டில். பக்கத்து வீட்டுக்காரி சொகுசாகத் தூங்குவாள், செத்துப்போவது சவேதா.

அடித்துவிட்டேன். ஆனால் அந்த அரைப் பக்கத்தையும் ஓர் உற்சாகத்தோடு எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

5

நவம்பர் நடுவில் எங்கள் பக்கம் ஓநாய் நாட்கள் வரும். அந்த நாட்களில் பெண்கள் வீட்டுச் சாம்பலை வெளியே எடுக்கக் கூடாது. சாம்பலில் கங்கு கிடந்து, அதைப் பெண் ஓநாய் தின்றால் நிறைய குட்டி போடும் என்பார்கள். சவேதாவின் அம்மா இதை விடாமல் அனுசரித்தவள். சவேதா கேலி செய்தவள். போன வருஷம்கூட ஓநாய் நாளன்று வாளி வாளியாகச் சாம்பலைக் கொட்டினாள்.

இந்த வருஷம் அவளுக்குத் திடீரென்று பக்தி வந்தது. சாம்பல் தட்டு நிறைந்து, சாம்பல் விறகு அடுக்கும் கம்பிவரை ஏறி, தீ மூச்சு விட முடியாமல் ஒருநாள் புகைந்தது, மறுநாள் பிடிக்கவே இல்லை. பச்சை டைல்ஸ் இரண்டு பக்கமும் ஜில்லென்று ஆகிவிட்டது. அன்று ஞாயிறு, பள்ளிக்கூடம் இல்லை. மதியம் இல்டிகோ சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கணப்பு மூட்டலியா?"

"ஓநாய் நாளாச்சேம்மா. சாம்பலை எடுக்கக் கூடாது."

"ஓநாயா! பஸ் ஸ்டாண்டுல நாலு நாய் திரியுது, அவ்வளவுதான்."

"சிரிங்க, சிரிங்க. ஓநாய் பெருகுச்சுன்னா ஆடு மாடு தங்காது."

"நம்மகிட்ட ஆடு ஏதுக்கா?"

"ஆடு இல்லேன்னா வேற ஏதாவது களவு போகும்."

இல்டிகோ சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் வேணா அள்ளிக் கொட்டட்டுமா? நாங்க வேற ஜனம், எங்க ஆளுங்களுக்கு இந்த வழக்கம் கிடையாது" என்றாள்.

"வேணாம். இது என் வீட்டுச் சாம்பல்."

"விறகுல பாதி என்னதுக்கா."

"விறகுல பாதி உங்களது. சாம்பல் முழுசும் எனது."

கதவு சாத்தப்பட்டது. சவேதாவின் கணக்கு எளிது. கணப்பின் சூட்டுக்காகத்தான் அவன் அங்கே போகிறான் என்றால், இன்று போகத் தேவையில்லை. குளிர்ந்த கணப்புக்கும் போனான் என்றால், அவன் போவது கணப்புக்கு இல்லை. அப்படிப் போனால், தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவது என்று முடிவு செய்து, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தாள். இத்தனை வருஷக் குடித்தனம் இன்று சாயங்காலம் அவன் எந்தப் பக்கம் நடக்கிறான் என்பதில் வந்து நின்றது.

6

முடிவு, முதல் வகை. சாபின் வருகிறான். டைல்ஸைத் தொடுகிறான். "ஓநாய் நாளா?" என்று சிரித்துவிட்டு, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றுகிறான். அவள் பிளம் சாராயத்தைக் கையில் ஊற்றி அவன் இடுப்பில் சூடு பறக்கத் தேய்க்கிறாள். "ஆ…" என்கிறான்.

(எழுதியாயிற்று. எழுதியதும் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். சாத்தியேதான் இருந்தது.)

முடிவு, இரண்டாம் வகை. சாபின் வருகிறான். டைல்ஸைத் தொடுகிறான். சூப் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன்" என்று

என்று

இங்கேதான் நிற்கிறேன்.

7

நான் எந்தப் பக்கம் குடியிருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

முதுகுப் பக்கம். என் பெயர் இல்டிகோ இல்லை. கண்ணாடிக் கடை பொய். திண்டு நிஜம். சவேதாவின் பக்கத்தை 'இந்தப் பக்கம்' என்று எழுதிக்கொண்டு வந்தேனே, அதுவும் ஓர் ஆசைதான்.

நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. சாபின் என் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, என்ன பேசுவான் தெரியுமா? சவேதாவைப் பற்றிப் பேசுவான். இறைச்சிக் கடைக்காரனை அவள் தராசோடு வெளியே இழுத்த கதை. தலைமையாசிரியையிடம், "நீங்க பாடம் நடத்துங்க, உப்பு நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன கதை. எவ்வளவு நேரமானாலும் அவன் வராமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள் என்பது. நான் சிரிப்பேன், அவனும் சிரிப்பான். துணி வழியாக அவளுக்குச் சிரிப்பு மட்டும் கேட்டிருக்கும். ஒவ்வொரு மாலையும் என் வீட்டில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

இதை நான் மதியமே சொல்லியிருக்கலாம். சால்வையோடு சவேதாவின் வாசலில் நான் நின்றபோது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. எனக்கும் வயிறு எரிகிறது, அதுதான் காரணம். அந்த அரைப் பக்கத்தை உற்சாகத்தோடு எழுதியதற்கும் அதுவேதான். "காலைத் துடைச்சிட்டு வாய்யா, எத்தனை தடவ சொல்றது!" என்று தினமும் துணி வழியாக ஒரு குரல் வரும். என் வாசல் மிதியடி வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. திட்டுவதற்கு ஒரு ஆள் இருப்பவளைப் பார்த்து ஒருத்தி இப்படிப் பொறாமைப்படுவாளா என்று கேட்டால், படுவாள்.

சவேதா அவனுக்கு வைத்த பரீட்சையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சூடு இல்லை, பெஞ்சு பனிக்கட்டி. இன்று அவன் வந்தால், யாருக்காக வந்தான் என்று எனக்கும் தெரிந்துவிடும். அதனால் திண்டைத் தட்டி உப்ப வைத்துப் பெஞ்சில் போட்டிருக்கிறேன்.

சற்று முன்பு வெளிக்கதவு திறந்தது. எங்களுக்குப் பொதுவான நடையில் பூட்ஸிலிருந்து பனியை உதறும் சத்தம் கேட்டது. இப்போது நின்றுவிட்டது. நடையில் எங்கள் இரண்டு கதவும் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தப் பக்கம் கரண்டிச் சத்தமில்லை, அதட்டலில்லை. அவள் காது இரும்புக் கதவில் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் என் காது டைல்ஸில் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் எடுக்காத சாம்பல் மட்டும்தான்.

பேனா என் கையில் இருக்கிறது. என் கதவைத் தட்டினான் என்று எழுத ஒரு வரி போதும். எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்ப மாட்டேன். அவள் கதவைத் திறந்தான் என்று இன்னொரு தடவை எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் பக்கமும் குடியிருக்கவில்லை, உங்களுக்கு அது சுலபம்.

அவள் கதவைத் திறந்தான் என்று எழுதுவதானால் ஒரே ஒரு வேண்டுகோள். திண்டைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.