முந்நூற்று அறுபது முட்டைகளும் ஒரு நீலக் கோடும்

தள்ளுவண்டி செய்யும் கம்பெனியில் அவனுக்குச் சக்கரம் என்று பெயர். ஆஸ்பத்திரியில் மருந்து கொண்டுபோகும் வண்டி, ஹோட்டலில் துணி மூட்டை தள்ளும் வண்டி, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வண்டி என்று பதினாறு வருஷத்தில் அவன் வரைபட மேஜையிலிருந்து உருண்டு போனவை ஏராளம். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைப் பார்ப்பான். மனிதர்கள் எல்லாம் அப்புறம்தான். "கல்யாணத்தன்னிக்கே மண்டபத்து வாசப்படி எத்தனை அங்குலம்னு பார்த்துட்டிருந்த மனுஷன்" என்று அவன் மனைவி சொல்வதில் துளிகூட மிகை கிடையாது.

அப்படிப்பட்டவனுடைய சொந்த அக்கா பத்தொன்பது வருஷமாகத் தலையில் முட்டை சுமந்துகொண்டிருந்தாள். இது அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரியும்; உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

உறைத்த இடம் ஆஸ்பத்திரி. டாக்டர் அக்காவின் வலது கையில் ஒரு பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பேனா கீழே விழுந்தது.

"கழுத்து எலும்பு தேய்ஞ்சு நரம்பை நசுக்குதும்மா. இனிமேலும் தலையில பாரம் ஏத்திட்டே இருந்தீங்கன்னா, இந்தக் கை உங்களுக்கு இல்லேன்னு வெச்சுக்குங்க."

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மருந்து வண்டி சத்தமே இல்லாமல் அவர்களைக் கடந்து போனது. மேல்தட்டில் இருந்த கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளக்கூட இல்லை.

"எவ்வளவு அழகா போகுது பாருடா. யாரு செஞ்சாங்களோ!" என்றாள் அக்கா.

"நான்தான் அக்கா."

"ஓ" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

முட்டைக் கிடங்கு மேட்டுச் சந்தின் அடியில் இருந்தது, பேக்கரி அதன் உச்சியில். சந்தில் வேன் நுழையாது. வழி முழுக்கக் கருங்கல் பாவிய ஏற்றம். ஒரு கல் துருத்திக்கொண்டு நின்றால் பக்கத்துக் கல் உள்ளே போயிருக்கும். அக்கா ஒரு நடைக்குப் பன்னிரண்டு அட்டை சுமப்பாள். அட்டைக்கு முப்பது, ஆக முந்நூற்று அறுபது முட்டை. தினமும் காலையில் நாலு நடை. இறங்கும்போதும் சும்மா வர முடியாது. காலி அட்டைகளை உயரமாக அடுக்கிக் கட்டித் தலையிலேயே கிடங்குக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

பேக்கரிக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் கறார்.

"தலையில கொண்டு வாங்க, வண்டியில கொண்டு வாங்க, எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. நடைக்கு மூணு முட்டை உடையலாம். நாலாவது உடைஞ்சா ஒத்துவராது. முட்டையை உடைச்சே கேன்ல ஊத்தித் தர்ற கம்பெனிக்காரன் தினம் வந்து வாசல்ல நிக்கறான். மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. அதுவரைக்கும் சுமக்காதே என்று தம்பி கெஞ்சிப் பார்த்தான். "நான் ஒரு நாள் நின்னுட்டா மறுநாளே கேன் வந்து உக்காந்துக்கும்" என்று சொல்லிவிட்டு, சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டாள். ஆக, அவன் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வலது கையிலிருந்துதான் கழிந்துகொண்டிருந்தது.

முட்டைதானே என்று சக்கரம் நினைத்தான். விமானப் பயணிகளின் பெட்டிக்கே வண்டி செய்தவனுக்கு இது ஒரு வேலையா? லீவு போட்டுவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்தான். தடித்த இரும்புக் குழாய், நாலு ரப்பர் சக்கரம், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஸ்பிரிங். தொழில் வழக்கப்படி நூற்றைம்பது கிலோ மணல் மூட்டையை ஏற்றி, பட்டறை வாசலில் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான். வண்டி கிண்ணென்று நின்றது. மறுநாள் சோதனைக்கென்று தானே முட்டை வாங்கிப் பன்னிரண்டு அட்டையை ஏற்றிச் சந்தில் இழுத்துக்கொண்டு போனான். நாற்பத்தொரு முட்டை உடைந்தன.

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். மஞ்சள் கரு சக்கரத்தின் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்டா, இது முட்டையைச் சுமக்கவா, யானையைச் சுமக்கவா?"

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் தடித்த ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டான். இந்தத் தடவை ஐம்பத்தேழு உடைந்தன. வீட்டில் மூன்று வேளையும் ஆம்லெட். மனைவி உப்பு டப்பாவை மட்டும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஏழாம் நாள் காலை, வேறு வழி தெரியாமல், அக்கா சுமப்பதைப் பார்க்கப் போனான். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

சந்தின் ஒரு பக்கம் நெடுகக் கிடங்குகளின் சுவர். அதில் தலை உயரத்துக்குச் சற்று மேலே, ஏற்றத்தோடு ஏற்றமாக ஒரு நீலப் பெயின்ட் கோடு ஓடியது. அக்கா அந்தச் சுவரை ஒட்டி ஏறினாள். அவன் எதிர்ப்பக்கமாகக் கூடவே நடந்தான். அடி அட்டையின் விளிம்பு நீலக் கோட்டின் மேல் அப்படியே பொருந்தித் தெரிந்தது. இதோ இந்தக் கல்லில் விலகும் என்று பார்த்தான். விலகவில்லை. அடுத்த கல்லில் விலகும் என்று பார்த்தான். ம்ஹூம்.

கீழே கால்கள் என்னென்னவோ செய்துகொண்டிருந்தன. துருத்திய கல்லில் முழங்கால் மடங்கியது. பள்ளத்தில் குதிகால் எழும்பியது. சாய்ந்த கல்லில் இடுப்பு ஒரு பக்கம் வழிந்து, அடுத்த அடிக்குள் திரும்பி வந்தது. கீழே இவ்வளவு கலவரம் நடக்க, மேலே முந்நூற்று அறுபது முட்டை தண்ணீரில் மிதப்பதுபோலக் கோட்டோடு போய்க்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் வரைந்த எந்த வண்டியும் இப்படிப் போனதில்லை. அந்த ஆஸ்பத்திரி வண்டி போனது வழவழத் தரையில். அந்தப் பெருமை தரையைத்தான் சேரும். இங்கே தரையே இல்லை, கல்லும் பள்ளமும்தான். இதைச் செய்துகொண்டிருந்தவள் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். இத்தனை நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

"எப்படி அக்கா இது?"

"எது?"

"இந்த நடை."

"நடக்கறதுல என்னடா எப்படி?" என்றவள், தன் காலைப் பற்றி யோசித்த அந்த ஒரு நொடியில் தடுக்கி விழப் பார்த்தாள். அட்டைகள் ஒரு முறை நடுங்கி நின்றன. "பேச்சுக் குடுக்காதே, தூரப் போடா!"

உச்சிக்குப் போனதும் ஒரே ஒரு அட்டை முட்டையைத் தன் காசுக்கு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தான். பத்தாவது அடியில் வெள்ளைக் கரு சட்டைக் காலருக்குள் இறங்கியது.

துடைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்தபோதுதான் தன் முட்டாள்தனம் விளங்கியது. மணல் மூட்டையை வைத்துச் சோதித்திருக்கிறான். மணல் உடையுமா? நூற்றைம்பது கிலோவுக்குப் போட்ட ஸ்பிரிங், இருபது கிலோ முட்டைக்கு அசைந்துகூடக் கொடுக்காது. ஒவ்வொரு கல்லின் குத்தையும் சிந்தாமல் சிதறாமல் முட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அக்கா கல்லோடு மல்லுக்கு நிற்கவில்லை. உடம்பின் ஒவ்வொரு மூட்டிலும் கல்லுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே போனாள். விட்டுக்கொடுக்காத ஒரே இடம் கழுத்துதான். தேய்ந்ததும் அதுதான்.

ஸ்பிரிங்குகளைக் கழற்றி மூலையில் போட்டான். மெல்லிய குழாயில் ஒரு சட்டம், காற்று குறைத்த இரண்டு பெரிய சைக்கிள் சக்கரம், நடுவில் மரப்பெட்டி. பெட்டி எதன் மேலும் உட்காரவில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிய நாலு பட்டையில் தொங்கியது. ஒன்பதாம் நாள் கிடங்கு வாசலில் இழுத்துப் பார்த்தார்கள். குத்து போய்விட்டது, ஆட்டம் வந்துவிட்டது. பெட்டி இப்படியும் அப்படியும் அலைந்து சட்டத்தில் முட்டியது.

அக்கா கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் ஆடுது. ஆடினது நிக்கத் தெரியலை. யாராவது இடுப்பைப் பிடிச்சு நிறுத்தணும்" என்றாள். பிறகு தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து உதறினாள். பத்தொன்பது வருஷத்துத் துணி, பல மடிப்பு. இரண்டாகக் கிழித்து, பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று திணித்தாள். கையால் பெட்டியைத் தள்ளினாள். பெட்டி துணியில் உரசி, ஒரே ஆட்டத்தில் அடங்கிவிட்டது.

"அக்கா, நாளைக்குத் தலைக்கு?"

"நாளைக்குத்தான் தலையில ஒண்ணும் கிடையாதே" என்றாள். அவள் அதை முடிவு செய்துவிட்டாள். அவன்தான் பெட்டியை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தான்.

மாதத்தின் கடைசி நாள் காலை. பன்னிரண்டு அட்டையைப் பெட்டிக்குள் அடுக்கி மூடினார்கள். சக்கரம் பெட்டியின் மேல் ஒரு மெல்லிய குச்சியை நிறுத்தி, நீலக் கோட்டின் உயரத்துக்கு நுனியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினான். அக்கா கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அவன் எதிர்ப்பக்கம் நடந்தான். சக்கரங்கள் கல்லில் ஏறின, குழியில் இறங்கின, சாய்ந்தன, நிமிர்ந்தன. டியூப் பட்டைகள் இழுபட்டுச் சுருங்கின. சிவப்பு நூல் நீலக் கோட்டின் மேல் ஊர்ந்துகொண்டே போனது. அவன் மூச்சு விடவே பயந்தான். அது அக்காவின் நடை. இரும்பிலும் ரப்பரிலும் கிழிந்த துணியிலும் அவள் நடை ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

பேக்கரிக்காரர் ஒவ்வொரு அட்டையாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பன்னிரண்டாவது அட்டையில் ஒரு முட்டையை எடுத்துத் திருப்பினார். மயிரிழைக் கீறல்.

"ஒண்ணு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது கோழியே பண்ணின வேலையா இருக்கும். நாளைக்கும் இதுலயே கொண்டு வாங்கம்மா. கேன்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்."

இறங்கும்போது காலி அட்டைகளோடு வண்டியைத் தம்பிதான் இழுத்தான். தலைகால் புரியாத சந்தோஷம் அவனுக்கு. கைப்பிடியில் ஒரு பிரேக் வைக்க வேண்டும், மழைக்கு ஒரு மூடி வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தவன், பாதிச் சந்தில்தான் பின்னால் காலடிச் சத்தம் இல்லை என்பதைக் கவனித்தான்.

அக்கா பத்தடி பின்னால் நின்றுவிட்டிருந்தாள். முகம் அண்ணாந்து இருந்தது. அவனுக்குப் பகீரென்றது.

"அக்கா! கழுத்து வலிக்குதா?"

அவள் கண்ணை இறக்கவில்லை.

"டேய், இந்த வீட்டுக்கெல்லாம் மாடி இருக்குடா."

அவனும் நிமிர்ந்தான். கிடங்குச் சுவருக்கு எதிரே வரிசையாக மூன்று மாடி வீடுகள். சன்னல்கள், பூத்தொட்டிகள், காயும் துணிகள். அதற்கும் மேலே சந்தின் நீளத்துக்கு வானம். மூன்றாவது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள்.

"முட்டைக்கார அம்மாவா நீங்க?" என்று கத்தினாள். "இத்தனை வருஷமா அட்டையைத்தான் பார்த்திருக்கேன். மூஞ்சியை இன்னைக்குத்தான் பார்க்கறேன்!"

அக்கா சிரித்தாள். வலது கையைத் தூக்கி, அதன் விரல்களை மெதுவாக விரித்து, மாடியைப் பார்த்து ஆட்டினாள்.