தொண்ணூற்றொன்பது படிகள்

காலையிலிருந்து நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் விட்கோ குறுக்கே பேசினார். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். மாரிபோர் நகரத்திலிருந்து மனைவி மார்யெட்டாவோடு தனிச் சுற்றுலா வந்திருந்தார். பிளெட் கோட்டையில் நான் சொன்ன ஆண்டைத் திருத்தினார். ஏரிக்கு வந்தால் அதன் ஆழத்தைத் திருத்தினார். இந்த ஊர் கிரீம் கேக்கின் செய்முறையைக்கூட விட்டுவைக்கவில்லை. வழிகாட்டி நானா அவரா என்று படகுக்காரனே கேட்டுவிட்டான்.

ஏரி நடுவே இருந்த தீவில் இறங்கியதும் தேவாலயத்துக்கு ஏறும் படிகளைக் காட்டினேன். "தொண்ணூத்தொம்பது படி. மாப்பிள்ளை பொண்ணைத் தூக்கிட்டு ஏறணும். மேல போய்ச் சேர்ற வரைக்கும் பொண்ணு வாயைத் திறக்கக் கூடாது."

மார்யெட்டா நின்றுவிட்டார். "தூக்குறவங்க பேசலாமா?"

"பேசலாம். யாரைத் தூக்கிட்டுப் போறாங்களோ, அவங்கதான் பேசக் கூடாது."

"ஏம்மா, நீ படகுப் போட்டியில துடுப்புப் போட்ட பொண்ணுன்னு சொன்னியே. இவரைத் தூக்குவியா?"

"அது கல்யாணப் பொண்ணுக்கு..." என்று விட்கோ ஆரம்பிப்பதற்குள் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டேன். கப்சிப். வழக்கத்தை மீற மாட்டார். வரலாற்று வாத்தியார் அல்லவா.

தொண்ணூறு கிலோ இருப்பார். ஆனால் அன்றைக்கு முதன்முறையாக ஏரி வாத்துகளின் சத்தம் காதில் விழுந்தது. பின்னால் மார்யெட்டா வேண்டுமென்றே மெதுவாக ஏறி வந்தார்.

உச்சியில் இறக்கிவிட்டேன்.

"தொண்ணூத்தெட்டு படிதான் இருக்கு. எண்ணிட்டேதான் வந்தேன்" என்றார் விட்கோ.

மார்யெட்டா என் தோளைத் தொட்டார். "கீழ போய் மறுபடி எண்ணிடலாம்மா."

நான் விட்கோவிடம் முதுகைக் காட்டி மறுபடி குனிந்தேன்.