கீழே ஆள் இருக்கிறது

எலியாசர் தாபியா சிப்பி எடுக்கக் கடலுக்குள் இறங்கிப் பதினான்கு வருடங்கள் மேலே வரவில்லை. ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சான் கலிஸ்டோவில் யாருக்கும் இதில் சந்தேகம் இருந்ததில்லை. காற்று அனுப்பும் மஞ்சள் குழாய் அவருடைய படகிலிருந்து இறங்கி, வடமுனையில் ஒரு பாறை வெடிப்புக்குள் போனது. வெடிப்பு உள்ளங்கை அகலம்தான். எலியாசர் மாதிரித் தொப்பை உள்ள மனிதர் அதற்குள் எப்படிப் போனார் என்று, இறங்கிப் பார்த்த மற்றக் குளியாட்களுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, குழாயோடு போன கயிறு ஒழுங்காகப் பேசியது. ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன், இரண்டு என்றால் குழாயை இன்னும் நீட்டி விடு, மூன்று என்றால் என்னைத் தூக்கு. எல்லாக் குளியாட்களும் இதைத்தான் பேசுகிறார்கள். எலியாசர் பெரும்பாலும் ஒரே இழுப்புதான் இழுப்பார், எப்போதாவது இரண்டு. மூன்று மட்டும் வரவே இல்லை.

அவர் இறங்கிய அன்று மேலே கயிறு பிடித்திருந்தவர் அவருடைய மைத்துனர் லீனோ. எங்கள் கரையில் கேள்வி கேட்காமல் எல்லோரும் மதிக்கிற கட்டளை ஒன்று உண்டு என்றால் அது இதுதான்: கீழே ஆள் இருக்கும்போது படகு நகரக் கூடாது. புயல் வரட்டும், மூட்டம் கண்ணை மறைக்கட்டும், வீட்டில் யாராவது சாகக் கிடக்கட்டும், நகரக் கூடாது. லீனோ நகரவில்லை. பொழுது சாய்ந்தது, விடிந்தது, லீனோ அதே இடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார். இன்னொரு படகில் ரொட்டியும் தேநீரும் எடுத்துக்கொண்டு வந்த அவருடைய அக்கா, எலியாசரின் மனைவி ஓர்தென்சியா, தம்பிக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றை வாங்கித் தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய்யா, ரொட்டி வாங்கிட்டு வான்னு அனுப்பினாலே சாயங்காலம் ஆக்குற ஆளு நீ. கடலுக்குள்ள விட்டா கேக்கணுமா? இப்ப வர்றியா, இல்லையா?"

கயிறு ஒருமுறை இழுபட்டது.

"நல்லா இருக்காராம்ல," என்றாள் ஓர்தென்சியா. "இருக்கட்டும், இருக்கட்டும். எவ்வளவு நாளைக்குன்னு நானும் பாக்குறேன்."

அன்றிலிருந்து கயிறு அவள் கையில். எங்கள் முன்னால் அவள் அழுததில்லை. கண் சிவந்திருப்பது உப்புக்காற்றால் என்பாள், நாங்களும் சரி சரி என்று விட்டுவிடுவோம். துறைமுக அதிகாரிகளுக்கு நாங்கள் தகவல் சொல்லவில்லை. பிற்பாடு இதைப் பெரிய தப்பு என்றார்கள். நன்றாக இருக்கிறேன் என்று தன் வாயால், சரி, தன் கயிற்றால் சொல்கிற மனிதனைப் பற்றிப் போய் என்னவென்று புகார் கொடுப்பது? அவர் இரண்டு இழுப்பு இழுக்கும் போதெல்லாம் குழாயை நீட்டினோம். காற்றுக்குழாய் தீர்ந்தபோது தோட்டக்குழாயை இணைத்தோம், அதுவும் தீர்ந்தபோது அடுப்பின் எரிவாயுக் குழாயை. குழாய்க்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசருக்குப் பெட்ரோல் ஊற்ற வீட்டுக்கு வீடு முறை வைத்தோம். ஓர்தென்சியா படகிலேயே குடியேறி, பழைய பால்பவுடர் டப்பாவில் ஜெரேனியம் பூச்செடி வளர்த்தாள். புனித பேதுரு திருவிழாவில் புனிதரின் சிலையை ஏற்றிக்கொண்டு எல்லாப் படகுகளும் வளைகுடாவைச் சுற்றிவரும். அவள் படகு நகர முடியாதே, அதனால் புனிதர் வந்து அவளைச் சுற்றிவிட்டுப் போவார். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, எலியாசர் மாமாவைப் பார்க்காமலே அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடினார்கள்.

வெளியூர் ஆட்கள் எங்கள் ஊருக்கு வருவது அபூர்வம். பின்னால் மலை, புல் முளைக்காத மலை, முன்னால் கடல், நடுவில் நாங்கள், காயப்போட்ட கடற்பாசி, நாய்கள். பாலைவனத்திலிருந்து இறங்கும் ஒற்றைச் சாலையில் தண்ணீர் லாரியும் பெட்ரோல் லாரியும்தான் வரும். அந்தச் சாலையில் ஒருநாள் வெள்ளை வண்டியில் ஒக்டாவியோ பெனால்பா வந்து இறங்கினார். செம்புத்தாது ஏற்ற ஒரு கம்பெனி இங்கே துறைமுகம் கட்டப்போகிறது, அதற்காக ஊரைக் காலி செய்யச் சொல்ல அனுப்பப்பட்டவர். முரடராக இருந்திருந்தால் கல்லெடுத்து எறிந்திருப்போம். மனிதர் தங்கமாகப் பேசினார். வடக்கே நகரத்தில் புது அடுக்குவீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற குழாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு பீப்பாய் தண்ணீரில் குளித்து, அதிலேயே துணி துவைத்து, அதையே செடிக்கு ஊற்றிய எங்களுக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. பாதி ஊர் தலையாட்டிவிட்டது. கடைக்கார ரோசால்பா குளிர்பெட்டியை வண்டியில் ஏற்றியே விட்டாள். மாட்டேன் என்றது ஓர்தென்சியா மட்டும். ஒக்டாவியோ காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கரையிலிருந்து நாங்கள் போட்டிருந்த பலகை வழியாக அவள் படகுக்குப் போனார்.

"அம்மா, ஒரு மனுஷன் இத்தனை வருஷம் தண்ணிக்குள்ள இருக்க முடியாதும்மா."

"அதை அவர்கிட்டச் சொல்லுங்க சார். நானும் அதையேதான் சொல்றேன், காதுல வாங்குறாரா?"

"ஊரே கிளம்புதும்மா. நீங்க மட்டும் தனியா என்ன செய்வீங்க?"

"கீழ ஆள் இருக்கு. படகு நகராது," என்றாள், கரையில் நின்ற எங்களுக்கும் கேட்கிற மாதிரி. ரோசால்பா தலையைக் குனிந்துகொண்டாள். நாங்களும்தான்.

கம்பெனிக்குப் பொறுமை இல்லை. அடுத்த வாரம் பெட்ரோல் லாரி வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மோட்டார் சைக்கிள்களில் இருந்ததை உறிஞ்சி ஊற்றினோம், விளக்குகளில் இருந்ததை ஊற்றினோம். ஒரு மத்தியானம், எல்லோரும் மீன்குழம்புக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில், கம்ப்ரசர் இருமிவிட்டு நின்றது. வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு நாங்கள் மறந்தே போயிருந்த சத்தம் அது. நின்ற பிறகுதான் காதில் விழுந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினோம். ஓர்தென்சியா அதற்குள் குழாயைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். அத்தனை ஆழத்துக்கு மனித மூச்சு போகாது என்று குளியாட்கள் எல்லோருக்கும் தெரியும். போனது. முகம் நீலம் பாரித்து அவள் சாய்ந்தபோது லீனோ வாங்கி ஊதினார், லீனோவுக்குப் பிறகு ரோசால்பா. பலகையிலிருந்து கடற்கரை நெடுக வரிசை நின்றது. நகரத்துக்குச் சம்மதம் சொன்னவர்கள்தான் முன்னால் முண்டியடித்தார்கள். ஒயின் குடித்துவிட்டு யாராவது ஊதினால் கயிறு கோபமாக வெட்டி இழுக்கும். உடனே ஆளை மாற்றுவோம். குளிர்பெட்டி வண்டியிலிருந்து இறங்கிக் கடைக்கே திரும்பிப் போனது.

ஊர் இன்னும் காலியாகவில்லையே என்று பார்க்க வந்த ஒக்டாவியோ வரிசையைக் கண்டு சிரித்தார். கேலியாகத் தானும் குழாயை வாங்கி ஒரு மூச்சு ஊதினார். கயிறு மரியாதையாக ஒருமுறை இழுபட்டது. "இது நீரோட்டம். இப்ப நிரூபிச்சுக் காட்டுறேன்," என்று குழாயை மடக்கி முறுக்கிப் பிடித்தார். அந்த நொடியில் ஓர்தென்சியாவுக்கு மூச்சு அடைத்தது. லீனோவுக்கு அடைத்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும், தொட்டிலில் கிடந்த குழந்தைகளுக்கும், வாயைத் திறந்தபடி நின்ற நாய்களுக்கும் அடைத்தது. ஒக்டாவியோவுக்கும் அடைத்தது, அவரும் ஊதியவர்தானே. கண் பிதுங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளக் கையை எடுத்தார், குழாய் நிமிர்ந்தது, மலையடிவாரம் வரை எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அவர் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நகரத்துக்குப் போய், கீழே ஆள் இருக்கிறது என்று தன் கம்பெனிக்காரர்களிடம் நேர்மையாகச் சொன்னார்.

கம்பெனிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? சரி, உங்கள் கட்டளையை நாங்களும் மதிக்கிறோம், அந்த ஆள் என்றைக்கு மேலே வருகிறாரோ அன்றைக்குக் கிளம்புங்கள் என்றார்கள். நாங்களும் வீம்புக்கு ஒப்புக்கொண்டோம். மலைமேல் ஒரு கொட்டகை போட்டார்கள். ஒக்டாவியோ தொலைநோக்கியோடு அதில் குடியிருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிவந்து தன் முறைக்கு ஊதிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் மண் அள்ளும் இயந்திரங்கள் வரிசையாக, மூட்டத்தில் நனைந்து துருப்பிடித்துக்கொண்டு நின்றன. இப்படி வருடங்கள் போயின.

மூன்று இழுப்பு வந்தது காலையில். ஓர்தென்சியா அப்போது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கயிறு இழுபட்டது, இழுபட்டது, மூன்றாம் முறையும் இழுபட்டது. லீனோ கூவியதில் ஊரே கரைக்கு வந்தது. கைதட்டினோம், கட்டிப்பிடித்துக்கொண்டோம். யாரோ ஒருவர் மலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தோம். கொட்டகைக்குப் பின்னால் இயந்திரங்கள் உறுமத் தொடங்கியிருந்தன. கைதட்டல் நின்றுபோனது.

"அக்கா, இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இருக்கச் சொல்லிருவோமா?" என்றார் லீனோ, தரையைப் பார்த்துக்கொண்டே.

"வாயை மூடுடா. வீட்டுக்கு வர்றேங்கிற மனுஷனை வராதேன்னு சொல்றதுக்கா இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன்?"

அவள் அழுதாள். எங்கள் முன்னாலேயே அழுதாள், உப்புக்காற்று என்று சொல்லவில்லை. அழுது முடித்துவிட்டுத் தம்பியின் முக்குளிக்கும் உடையைக் கொண்டுவரச் சொன்னாள். நான் போகிறேன், நான் போகிறேன் என்று இளவட்டங்கள் முன்னால் வந்தார்கள். ரோசால்பாகூட வந்தாள். ஓர்தென்சியா எல்லோரையும் கையால் ஒதுக்கினாள்.

"இத்தனை வருஷமா நான் மேல உக்காந்து கயிறு பிடிச்சேன். இனிமே அவரு பிடிக்கட்டும். அப்பத்தான் தெரியும் அருமை. அந்தச் செடிக்கு மட்டும் மறக்காம தண்ணி ஊத்துங்க."

அவளுக்கு நீச்சல்கூடச் சரியாக வராது. மற்றக் குளியாட்களின் குழாய் ஒன்றை வாயில் கடித்து, கயிறு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சிலுவை போட்டு, இறங்கினாள். பிறகு இரண்டு கயிறுகளும் அசையவில்லை. கெண்டி கொதித்து அடங்குகிற நேரம் அப்படியே இருந்தன. கீழே அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாங்கள் இன்றுவரை கேட்டதில்லை. அது புருஷன் பெண்டாட்டி விஷயம். பிறகு எலியாசர் மேலே வந்தார். வெளுத்திருந்தார், தொப்பை அப்படியே இருந்தது. ஒருவரையும் நலம் விசாரிக்காமல் படகில் ஏறி, அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அவள் குழாயை வாயில் வைத்து ஊதத் தொடங்கினார்.

இயந்திரங்கள் கரைக்கு வந்துவிட்டன. முன்னால் ஓடிவந்த ஒக்டாவியோ மூச்சிரைக்க, "வந்துட்டாருல்ல? இனிமே கீழ யாரும் இல்லைல்ல?" என்று கேட்டார். கேட்கும்போதே, யாரும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று அவர் முகம் கெஞ்சியது.

எலியாசர் குழாயை லீனோவிடம் கொடுத்தார். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாகப் பேசினார்.

"என் பொண்டாட்டி இருக்கா," என்றார். "படகு நகராது."