ஜெஸீமாவின் பிளானில் மெலிந்தவள்

1

கிண்ணியா பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி போனில் சொன்னாள்: "என்ட பிளான வெச்சுத்தான் அவ மெலிஞ்ச." நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதைகள் குரலாகத்தான் வரும்; முகமெல்லாம் பிறகு மெல்ல வந்து சேரும். களவாகக் கேட்ட அந்தக் குரலுக்கு ஜெஸீமா என்று பெயர் வைத்தேன்.

2

தொடக்கம்: கொட்டியாரக் குடாவில் காலை வெயில் வெள்ளியாக

(வேண்டாம். ஜெஸீமா கடலைப் பார்க்கவில்லை. மச்சி பஹ்மியாவின் இடுப்பைப் பார்க்கிறாள்.)

மறுபடியும்: ஆரோக்கியமாக மெலிவதற்கென்று இணையத்தில் இலவசமாகக் கிடந்த உணவுத் திட்டம் அது. தேடி எடுத்தவள் ஜெஸீமா. கணவனின் தங்கை பஹ்மியாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. எடை குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பாவம் என்று அவளுக்கும் அனுப்பிவைத்தாள். நோன்பு முடிந்து ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் பஹ்மியா மெலிந்துவிட்டாள். ஜெஸீமா அப்படியே இருந்தாள்.

"மச்சி, நீங்க பிளான் படி தின்னல்லயா?" என்று கேட்டாள் பஹ்மியா.

"தின்னாம? ஓட்ஸ், வெள்ளரிக்காய், அவிச்ச முட்ட, ஒண்டும் விடல்ல."

"அப்ப சோறு?"

"அது பிளான் முடிஞ்ச பொறகு."

(சிரிக்காதீர்கள். எதைத் தின்ன வேண்டும் என்றுதான் அதில் போட்டிருந்தது. மருந்து குடிக்கிறவர்கள் சோற்றை விடுகிறார்களா என்பது அவளுடைய நியாயம்.)

3

இவளை எனக்குப் பிடிக்குமா என்பது சந்தேகம்தான். பொறாமைக்காரியை எழுதுவது சுலபம், வாயைத் திறக்கவிட்டால் போதும். இவளோ திறக்கிறாளில்லை. "என்ட தங்கச்சியப் பாருங்க, குமரு மாதிரி வந்துட்டா" என்று கணவன் முனாஸ் சோற்றுக்கு முன்னால் இருந்து சொல்லும்போதும், அவனுக்கு இன்னும் ஓர் அகப்பை ஆணம் ஊற்றிவிட்டு, "ஓம், மாஷா அல்லாஹ்" என்கிறாள்.

ஊர்ப் பெண்கள் பஹ்மியாவிடம் பிளான் கேட்கிறார்கள். "அது ஜெஸீமா மச்சி தந்த" என்கிறாள் அவள், மனதாரத்தான். உடனே எல்லாரும் ஜெஸீமாவை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

அன்றைக்கு அவள் நினைத்தாள்: எனக்கும் சீனி வந்திருந்தால் நானும்

(வெட்டினேன். திரும்ப எழுதினேன். முடிக்க மனம் வரவில்லை.)

4

சொந்தக்காரப் பெண் றுஷ்தாவின் கலியாண வீடு. பெண்கள் ஒரு பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறார்கள். சஹன் என்பது அதுதான். நல்ல துண்டு தன் பக்கம் கிடந்தால் மற்றவரின் பக்கம் தள்ளிவிடுவது அங்கே அன்பு. தள்ளியதைத் தின்னாமல் விடுவது அவமரியாதை.

ஜெஸீமா அன்றைக்கு பஹ்மியாவின் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். இறைச்சி, நெய்ச்சோறு, பொரித்த வெங்காயம்.

"போதும் மச்சி."

"கலியாண வீட்டுல என்ன போதும்?"

கடைசியில், முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது.

"இது எனக்கு ஏலா மச்சி. விடிஞ்சா இரத்தம் பார்க்கப் போறன். இந்த முற சீனி குறைஞ்சா ஊசி இல்லண்டு டொக்டர் சொன்ன."

"தெரியும்" என்றாள் ஜெஸீமா. விரல்களால் ஒரு துண்டு எடுத்து, மச்சியின் வாய்க்கு நேரே நீட்டினாள். "என்ட கையால ஒரு வாய்."

5

முடிவு ஒன்று: பஹ்மியா வாயைத் திறக்கிறாள். பிளான் தந்தவளுக்கு நன்றி காட்ட வேறு வழி அவளுக்குத் தெரியாது. (எழுதினேன். அன்றைக்கு எனக்கே சோறு இறங்கவில்லை.)

முடிவு இரண்டு: ஜெஸீமா கையை மடக்கித் தன் வாயிலேயே போட்டுக்கொள்கிறாள். (அழித்துவிட்டேன். இவள் இத்தனை சீக்கிரம் நல்லவளாகிறவள் இல்லை.)

ஆகவே கை நீட்டியபடியே நிற்கிறது. கருப்பட்டிப் பாகு விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்குகிறது. பஹ்மியாவின் உதடு இன்னும் பிரியவில்லை. அந்த சஹனில் உங்களையும் ஓர் ஆளாக இருத்தியிருக்கிறேன். இரண்டு பேரும் இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

"நீங்களே சொல்லுங்க" என்கிறாள் ஜெஸீமா. "ஒரு வாய்தானே?"