உறவுக்கு ஓர் ஆள்

அந்த வீட்டில் ஓர் உறவுக்கு ஓர் ஆள்தான். யார் எந்த உறவு என்பது முகுந்தன் எழுதிய இணையப் பக்கத்தில் இருந்தது. இடப்பக்கம் உறவு, வலப்பக்கம் ஆள். பக்கத்தில் எப்படியோ வீட்டிலும் அப்படி. இல்லாத உறவை எழுதினால் கடைசியில் புதிதாகச் சேரும். இருக்கிற உறவுக்கு எழுதினால் பழைய ஆள் போய்ப் புது ஆள் வருவார், இடம் மாறாது. அந்த வரிசையில்தான் பந்தி.

இடம் மாறாது என்பதுதான் தணிகாசலத்தை உறுத்தியது. அவர் மூத்த மாப்பிள்ளை. முதல் இலை, வடிவுக்குப் புருஷன். சகலை முகுந்தனோ இளைய மாப்பிள்ளை. இலை எங்கோ பின்னால். அவன் முன்னால் வர என்ன செய்வான்? புதிதாகச் சேர்ந்தால் இன்னும் பின்னால்தான். முதல் இலைக்காரன் மேலேயே தன் பெயரை எழுதுவான். வேறு வழி?

முகுந்தனின் கம்ப்யூட்டர் எதிரே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே, வேலைக்குப் போகலையா?" என்றான் முகுந்தன்.

"நீ எதுக்குக் கேக்கிறே?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற ஆளா இவன்?

வடிவு வந்தாள். "சட்னிக்குத் தேங்காயா, தக்காளியா?" மறுபடி கேட்டாள். "உங்களைத்தான்." அவர் கண் முகுந்தனின் விரல்களிலேயே இருந்தது.

"கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க. கிரைண்டராவது சுவிட்சைப் போட்டா சத்தம் குடுக்கும்."

அவர் முகம் கழுவி வருவதற்குள் எழுதிவிட்டாள். மூத்த மாப்பிள்ளை: கிரைண்டர்.

முதல் இலை கிரைண்டருக்கு. "இன்னும் கொஞ்சம் நெய் விடட்டுங்களா?" என்று வடிவு குனிந்து கேட்டாள். தணிகாசலத்துக்கு இலை இல்லை. யார் கண்ணிலும் அவர் படவில்லை, பக்கத்தை எழுதிய முகுந்தனைத் தவிர. அவனும் இப்போது அண்ணே என்று கூப்பிடவில்லை.

"திருப்பி எழுதுடா."

"எழுதினா கிரைண்டர் போயிடுமே. நாளைக்கு மாவு?" யோசித்தான். "புதுசா வேணா சேர்க்கலாம். கடைசி இலை. இந்த வீட்டுல இல்லாத உறவு ஒண்ணுதான் தோணுது. பேத்தி."

தணிகாசலம் அவனை உற்றுப் பார்த்தார். இதில் இவனுக்கு என்ன லாபம்? பிடிபடவில்லை.

"எழுதித் தொலை."

கடைசி இலை விழுந்தது. "அப்பாகிட்டச் சொல்லிட்டுச் சாப்பிடு கண்ணு," என்றாள் வடிவு, கிரைண்டரைக் காட்டி. சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

"பேத்திக்கு இன்னும் காது குத்தலையே!" என்று மாமனார் பத்தரை வரச் சொன்னார். குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அந்த உறவும் பக்கத்தில் இல்லை. முகுந்தன் புதிதாகச் சேர்த்து, அதற்கு நேரே தன் ஸ்கூட்டரை எழுதினான்.

தணிகாசலம் மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தார். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊசியைக் கழுவியாயிற்றா என்று பத்தரிடம் கேட்டார்.