மூலையில் நின்ற வெள்ளைக் கார்

என் வீட்டுக்காரர் மாசிலாமணிக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் காரைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் லேசில் மீள முடியாது. சிந்தாதிரிப்பேட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடையில்தான் காலமெல்லாம் வேலை. எந்த வண்டி என்ன மைலேஜ் கொடுக்கும், எதில் ஏசி குளிராது, எல்லாம் அத்துப்படி. ஓட்டத்தான் தெரியாது. கடைக்கு நடை, மற்றதுக்கெல்லாம் பஸ். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, மகளுக்கு மாப்பிள்ளை அமைகிற வரைக்கும்.

மகள் அனன்யா பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். கூட வேலை பார்க்கிற பிரபுவை அவளே பிடித்துக்கொண்டு வந்தாள். பையனுக்கு அடையாறில் சொந்த வீடு, வீட்டில் கார். அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பதிலுக்கு நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அங்கே போகக் கூடாது என்பதால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம்.

டாக்சிக்குத்தான் சொன்னோம். அன்றைக்கு முகூர்த்த நாள். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் டாக்சிக்காரன் வரவில்லை. நல்ல நேரம் தாண்டிவிடப் போகிறதே என்று பஸ் ஏறினோம். பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனதில் என் பட்டுப்புடவை கசங்கியது, வாழைப்பழம் கன்றியது. அடையாறில் இறங்கி அவர்கள் தெருமுனைக்கு வந்ததும் மாசிலாமணி ஒரு மரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்து, தலையை வாரிக்கொண்டார். பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

பிரபுவின் அப்பா முருகையன் கேட் பக்கத்திலேயே காத்திருந்தார். அவருடைய கார் தெருவில் வெயிலில் நின்றது. உள்ளே கார் நிறுத்துகிற இடம் கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது.

“வாங்க சம்பந்தி. நீங்க வர்ற டாக்சிக்கு இடம் வேணுமேன்னுதான் எங்க வண்டிய வெளிய போட்டேன். டாக்சியிலதானே வந்தீங்க?”

ஆமாம் என்றாலும் முடிந்தது, பஸ் என்றாலும் முடிந்தது. இந்த மனுஷன் அந்தக் காலி இடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“நம்ம வண்டிதான் சம்பந்தி. மூலைல மரத்தடில வுட்டுகீறேன்.”

முருகையன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேசாமல் சிரித்து வைத்திருந்தால் போதும். வாய் சும்மா இருந்தால்தானே.

“வெள்ளை கலரு,” என்றேன்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சோபாவில் உட்கார்ந்ததிலிருந்து இவர் தன் காரின் பெருமையை அளந்துகொண்டே இருந்தார். கியர் எப்படி விழும், மழையில் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதுவரை. முருகையன் ‘அப்படியா’ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஜோதிலட்சுமி என் தட்டில் கேசரியை வைத்துக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது அவர்கள் வீட்டு மரத்துத் தேங்காயை ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பிரபு அதைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வரப் பார்த்தான். முருகையன் தடுத்து, கனமாக இருக்கிறது என்றும், பிறகு தானே கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார். கேட்டிலேயே கும்பிடு போட்டார். நாங்கள் தெருவில் கால் வைத்ததுமே கேட்டைச் சாத்தினார். வீட்டுக் கதவும் மூடிக்கொண்டது.

எனக்கு வந்ததே கோபம். எங்கள் பக்கம், வந்தவர்களின் வண்டி கண்ணுக்கு மறைகிற வரை தெருவில் நின்று கையாட்டுவோம். சிலிண்டர் போடுகிறவருக்குக்கூட அந்த மரியாதை உண்டு. பெண் கொடுக்கிறவர்களை இவர்கள் கேட்டோடு கத்தரித்துவிட்டார்கள், கொடுத்த தேங்காயையும் பிடுங்கிக்கொண்டார்கள். பணத்திமிர் பிடித்தவர்கள், கஞ்சப் பிசினாறிகள் என்று பஸ்ஸில் வழிநெடுக வைதேன். அவர்கள் தெருமுனைவரை கூட வந்து பார்க்காததே நல்லதாய்ப் போயிற்று என்று இவர் மெதுவாக முனகினார்.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை. அனன்யாவிடம் ஆரம்பித்தேன். பிரபு அதற்குள் அவளுக்குப் போன் பண்ணியிருந்தான்.

“நம்மகிட்ட கார் இல்ல, எங்க போனாலும் பஸ்தான்னு அவங்க வூட்ல நான் என்னிக்கோ சொல்ட்டேம்மா. நீங்க கெளம்பறப்ப மாமா இன்னா சொன்னாராம் தெரியுமா? அவங்க பஸ் ஸ்டாப் போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் வாசப்பக்கம் போகாதீங்கன்னாராம்.”

மாசிலாமணி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை.

“நைனாவ வுடு. வெள்ளை கலருன்னு சொன்னது நீயாம்மா?”

அந்த வீட்டில் இனி வாழப்போகிறவள் அவள். எங்களுக்கும் சேர்த்து அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் அந்த மனுஷரை வைத வசவு ஒவ்வொன்றும் என்மேலேயே வந்து விழுந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முருகையன் எங்கள் சந்துக்குள் நடந்து வந்தார், தோளில் தேங்காய் மூட்டை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ‘வண்டி எங்கே’ என்று நுனிநாக்குவரை வந்த கேள்வியை விழுங்கினேன்.

“பஸ்லதான் வந்தேன்மா. கொஞ்சம் தண்ணி குடுங்க,” என்றார்.

மூட்டையை வாங்கக் குனிந்த மாசிலாமணி அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. சாப்பிடும்போது முருகையன்தான் மண்டபம், சமையல் என்று எதையோ பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போகும்போது நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனோம். அவர் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பஸ் நகரப்போகிற நேரத்தில் மாசிலாமணி ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குக் கார் ஓட்டவே தெரியாது சம்பந்தி.”

“தெரியும் சம்பந்தி. கைய எடுங்க, பஸ் கெளம்புது.”