ஐந்தாவது பதில்

முதல் விளையாட்டைப் பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். இரண்டாவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் வேலைக்கு ஆகவில்லை. அதற்காக நான் சோர்ந்துபோய்விட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இ-சேவை மையம் நடத்துகிறவள் நான். சர்வர் படுத்துக்கொண்ட நாளில் ஒரு கூட்டத்தையே சமாளித்து அனுப்புகிறவளுக்கு, உருப்படியாக ஒரு வீடியோ கேம் கண்டுபிடிப்பது பெரிய விஷயமா?

எனக்கு வேண்டியது, எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மாதிரியே இருக்கிற ஒரு கேம். ஆட்டம் என்றால் சீட்டாட்டம் இல்லை. கடையை மூடிவிட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். ஒருவன் கதை நடத்துவான். "மலை மேல ஒரு கோட்டை, கதவு சாத்தியிருக்குது, உள்ள பூதம் கொறட்டை வுடுது, இன்னா பண்றீங்க?" என்று கேட்பான். மற்ற மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆட்கள். நான் திருடி. என் பள்ளிக்கூடத்துத் தோழி மோனிகா மந்திரக்காரி. நிஜத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அவலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கும் பச்சைமுத்து வாள்வீரன். கதைக்குள் யார் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். நடக்குமா, மூக்கு உடையுமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு டைஸ் சொல்லும். பெரிய எண் விழுந்தால் நடக்கும்.

கதை நடத்துகிறவன் குரு, என் வீட்டுக்காரன். காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். மாமியார் எதிரில் மட்டும்தான் அவன் எனக்கு 'அவரு'. பாண்டிச்சேரியில் படித்தபோது ஹாஸ்டலில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தான். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் ஆனான். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று நாளெல்லாம் கத்துகிற அதே தொண்டையில், ஞாயிறு மதியம் ராணி வருவாள், பூதம் வரும், காசு பிடுங்குகிற சாமியார் வருவார். ஒருமுறை அவன் கிழட்டு ஓநாய் மாதிரி ஊளையிட்டதைக் கேட்டு, மாடியில் குடியிருக்கும் கட்டடச் சொந்தக்காரம்மா கம்போடு இறங்கி வந்துவிட்டார்.

எங்கள் மேசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கதைக்குள் எதிரில் யார் வந்தாலும், அது பேயாகவே இருந்தாலும், கத்தியை உருவுவதற்கு முன்னால் "சாப்டியா?" என்று கேட்க வேண்டும். ஆரம்பித்து வைத்தவன் பச்சைமுத்து. முதல் நாள், ஆளை விழுங்க வந்த அரக்கனிடம் வாய் தவறி அப்படிக் கேட்டுத் தொலைத்தான். நானும் மோனிகாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். குரு சிரிக்கவில்லை. அரக்கன் என்ன சாப்பிட்டான், யார் சமைத்தது, கடைசியாக வயிறு நிறையச் சாப்பிட்டது எப்போது என்று அரக்கன் குரலிலேயே சொல்லிக்கொண்டு போனான். கடைசியில் அந்த அரக்கனை வெட்ட எங்களுக்குக் கை வரவில்லை. அன்றிலிருந்து அது எங்கள் சட்டம்.

சித்திரையில் அவன் குரல் கம்மிப்போனது. கத்திக் கத்தித் தொண்டைக்குள் சின்னதாக ஒரு கட்டி. பயப்படுகிற மாதிரியான கட்டி இல்லை என்று சொல்லிப் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். திறக்கவில்லை. மூன்று வாரம் முடிந்து கூட்டிக்கொண்டு போனபோது, டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கு. இனிமே கத்தாம, தினமும் கொஞ்சம் கொஞ்சமா பேசணும். பயந்துக்கிட்டு சும்மா இருந்தீங்கன்னா அப்புறம் பேச்சு வர்றது கஷ்டம்" என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று, குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அவன் ஏதோ பேசிப் பார்த்தது எனக்குக் கேட்டது. கரகரவென்று, தரையில் தகரத்தை இழுத்த மாதிரி. யாரோ ஒரு அந்நிய ஆளின் குரல். தண்ணீர் நின்றது. வெளியே வந்தவன் வாயை மூடியதுதான், அப்புறம் திறக்கவே இல்லை.

சோறு வேண்டுமா என்றால் தலையாட்டல். மற்றதற்கெல்லாம் போனில் எழுத்து. பக்கத்து அறையிலிருந்து 'டீ' என்று மெசேஜ் வரும். பஸ் முதலாளி தாண்டவராயன் நல்ல மனுஷன்தான். அவனை ஷெட்டில் உட்கார வைத்திருந்தார். ஆனால் அவரும் ஒருநாள் என் கடைக்கு வந்து, "வாயில்லாத கண்டக்டர வெச்சிக்கினு நான் இன்னா பண்றதும்மா? ஆவணி பொறந்தா வேற ஆளப் போட்டுடுவேன், தப்பா நெனைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை போனால் போகட்டும். அந்த வீட்டில் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன், பாருங்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சண்டைக்காரி. எதிரில் ஆள் இல்லாமல் எப்படிச் சண்டை போடுவது?

ஞாயிறு ஆட்டத்துக்கும் அவன் வரவில்லை. கதை நடத்துகிறவனுக்குக் குரல் இல்லை என்றால் அவனுக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துவிட்டான். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கம்ப்யூட்டர் கதை நடத்தட்டும். குரு எங்களோடு உட்கார்ந்து பட்டனை அமுக்கினால் போதும். முதலில் ஆள் அந்த அறைக்குள் வரட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மோனிகாவிடம் அடித்துச் சொன்னேன்.

சொன்னேனே தவிர, கேம் கிடைக்க வேண்டுமே! முதலாவதில் எதிரில் வருகிறவனை எல்லாம் வெட்ட வேண்டியதுதான், வாயே கிடையாது. இரண்டாவதில் ஊர், காடு, அருவி எல்லாம் அவ்வளவு அழகு. ஆனால் ஊர்க்காரர்கள் சொன்னதையே சொன்னார்கள். குதிரைக்காரனிடம் பச்சைமுத்து பலமுறை பேசிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இவனுக்கு மண்டையில ஏதோ அடி" என்றான். மூன்றாவது புது மாதிரி. நாம் டைப் அடித்தால் கம்ப்யூட்டரே யோசித்துக் கதை சொல்லுமாம். மோனிகா கோட்டைக் காவலனிடம் சாப்டியா என்று அடித்தாள். தங்கள் கனிவுக்கு நன்றி என்று அவன் உடனே கதவைத் திறந்துவிட்டான். பச்சைமுத்து சந்தேகப்பட்டு, 'நான் நிலாவை முழுங்கறேன்' என்று அடித்தான். அருமை, நிலா தங்கள் வயிற்றுக்குள் ஒளிர்கிறது என்றது.

"இது இன்னாடி, எதக் கேட்டாலும் சரி சரிங்குது?" என்றாள் மோனிகா. "குரு ஒருநாளாவது சரின்னு சொல்லியிருப்பானா? அவன்கிட்ட ஒரு கதவத் தொறக்க வைக்கறதுக்குள்ள தாவு தீந்து பூடும்."

நான்காவது கேமைப் பார்த்ததும் இதுதான் என்று மனசு சொல்லிவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஆடலாம். எங்கள் டைஸ் மாதிரியே இருபது முக டைஸ் திரையில் உருளும். திருடியைக்கூட என் மூக்கு மாதிரியே மூக்கு வைத்துச் செய்ய முடிந்தது. சனிக்கிழமையே எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டு, ஞாயிறு மதியம் குருவின் கையைப் பிடித்து, "வர்றியா, இல்ல நான் இங்கயே உக்காந்து ஒப்பாரி வைக்கட்டா?" என்று கேட்டேன். வந்தான்.

ஆனி வெயில். மத்தியானத்தில் செஞ்சி மலைப் பாறையெல்லாம் சூடேறி, அந்த அனல் ஊருக்குள்ளேயே இறங்கும். கடை ஷட்டரைப் பாதி இறக்கி, ஃபேனைக் கூட்டி வைத்தேன். குரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ட்ரோலரைக் கையில் எடுத்தான். திரையில் டைஸ் உருண்டதும் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! பார்த்தாயா என்று மோனிகாவுக்குக் கண்ணைக் காட்டினேன். நான் நினைத்தால் நடக்காமல் போகுமா?

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு பாலம் வந்தது. பாலத்து முனையில் பூட்டிய கதவு, அதன் முன்னால் ஈட்டியோடு ஒரு காவல்காரன். யாரும் போகக் கூடாது என்றான். கீழே நான்கு பதில்கள் வந்தன: காசு கொடு, மிரட்டு, பொய் சொல், வாளை உருவு.

"அண்ணி, சாப்டியான்னு கேளுங்க" என்றான் பச்சைமுத்து.

"அது இல்லடா. இந்த நாலுல ஒண்ண சொல்லு."

"நம்ம சட்டம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"சட்டமாவது மண்ணாவது! காச குடுத்துட்டுப் போலாம்."

"நான் மாட்டேன்" என்று மோனிகாவும் கையைக் கட்டிக்கொண்டாள். "அஞ்சாவதா ஒரு பதில் வேணும். அது இல்லன்னா இந்தக் கேம் எனக்கு வேணாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ராத்திரி பகலாகத் தேடி, ஆளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்து உட்கார வைத்தால், இதுகள் காவல்காரனுக்குப் பசிக்குதா என்று தர்மம் பேசுகின்றன! எழுந்து போய் மானிட்டரைப் பட்டென்று அணைத்தேன்.

"சரி, கேளு. இப்ப நான்தான் காவல்காரன். கேட்டுத் தொலை."

பச்சைமுத்து நிஜமாகவே எழுந்து நின்று கைகட்டிக்கொண்டான். "ஐயா, சாப்டீங்களா?"

"சாப்டேன் சாப்டேன். போங்க."

"அவ்ளோதானா?" என்றாள் மோனிகா.

"வேற இன்னா வேணும்? சாம்பார் சாதம் சாப்டேன். உருளக்கெழங்கு வறுவல். நல்லா இருந்துச்சி. எல்லாரும் பாலத்துல ஏறிப் போய்க்கினே இருங்க!"

பச்சைமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது. குரு கண்ட்ரோலரை மேசைமேல் வைத்தான். செல்லாத நோட்டை நீட்டிய பயணியைக் கண்டக்டர் பார்ப்பானே, அப்படி என்னைப் பார்த்தான். உதடு அசைந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"அவன் சாப்புடல."

குளியலறையில் கேட்ட அதே கரகரப்பு. அவனும் அதைக் கேட்டான். கேட்டு ஒரு கணம் மிரண்டான். எங்கே மறுபடி வாயை மூடிக்கொள்வானோ என்று பயந்தேன். பச்சைமுத்துதான் காப்பாற்றினான். கட்டிய கையைப் பிரிக்காமல், குருவின் பக்கமாகத் திரும்பி நின்று, "ஏன்யா சாப்புடல?" என்று காவல்காரனைக் கேட்டான்.

"ரெண்டு நாளா..." குரு நிறுத்தி, தண்ணீர் குடித்தான். "ரெண்டு நாளா அரமனையில இருந்து சோறு வரல. கேக்கப் போனவனத் தொங்க வுட்டுட்டாங்க. உங்கள வுட்டா நாளைக்கி நான் தொங்கணும்."

பாதி எழுத்து காற்றாகப் போனது. மீதி உடைந்து உடைந்து வந்தது. ஆனால் அந்தப் பட்டினிக் காவல்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான குரலை எந்த ஊரிலும் வாங்க முடியாது. மோனிகா தன் பையில் இருந்த ரொட்டியை அவனுக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். காவல்காரன் வாங்க மறுத்தான். பச்சைமுத்து தன் வாளைக் கீழே வைத்தான். அப்போதும் காவல்காரன் நம்பவில்லை. கதவைத் திறக்க வைக்கத் தாவு தீர்ந்துகொண்டிருந்தது. எனக்கோ அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டும் நிற்கவில்லை.

"அழுவறது அப்பறம்" என்றான் குரு, அதே குரலில். "திருடி இன்னா பண்றா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "அவன் ரொட்டியையே பாத்துக்கினு இருக்கான் இல்ல? பின்னாடி போயி இடுப்புல இருக்கற சாவிய எடுக்கறேன்."

"பட்டினி கெடக்கறவன்கிட்டயா?"

"நான் திருடி. அப்படித்தான்."

டிராயரைத் திறந்து எங்கள் டைஸை எடுத்து என் முன்னால் வைத்தான். "உருட்டு."

உருட்டினேன். இரண்டு.

"மாட்டிக்கின" என்றான். "கையப் புடிச்சிட்டான். பாலத்துல இருந்து கீழ தள்றான். அகழியில மொதலை இருக்குது."

"ஏய், அது மேசையில தட்டி உழுந்துச்சி, செல்லாது. திரும்ப உருட்டறேன்."

"முடியாது."

"ஏன் முடியாது? போன பொங்கல்ல பச்சமுத்துக்கு மட்டும் குடுத்தியே!"

"அவன் டைஸ் கீழ உழுந்துச்சி. உன்னுது மேலயே கெடக்குது. முடியாதுன்னா முடியாது!"

"கட்டின பொண்டாட்டிய மொதலைக்கிப் போடறியே, உனக்கே நல்லாருக்கா?"

"மொதலையாண்டையும் சாப்டியான்னு கேளு, போ!"

பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்கே கேட்டிருக்கும். ஷட்டருக்கு வெளியே யாரோ குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மோனிகா பதறிப்போய் எழுந்தாள்.

"டேய் குரு, மெதுவாடா! கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க இல்ல?"

"மொதல்ல அவள நிறுத்தச் சொல்லு!" என்றான் குரு.

நான் நிறுத்தவில்லை.